லாரியில் வந்த மெஷின் உடைந்திருந்தால்: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

செங்கோட்டைப் பக்கம் தச்சுப்பட்டறை வைத்திருக்கிறேன். நாலு வருடத்துக்கு முன்பு வடக்கே இருந்து 12 அங்குல இழைப்பு மெஷின் ஒன்று வாங்கினேன். வந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. மரப்பெட்டி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு மூலையில் மட்டும் ஒரு பலகை மற்றவற்றைவிடப் புதுசாகத் தெரிந்தது. "சீக்கிரம் போடுங்க அண்ணாச்சி, இன்னும் ரெண்டு இடம் போகணும்" என்று டிரைவர் அவசரப்படுத்த, எல்.ஆர். (லாரி ரசீது) காப்பியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் பெட்டியைப் பிரித்தால், மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட் இரண்டாக உடைந்து, மோட்டார் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வழியில் எங்கோ பெட்டியைக் கவிழ்த்து, உடைந்த பலகைக்குப் பதில் வேறொன்றை வைத்து அடித்திருக்கிறார்கள். லாரி ஆபீஸுக்குப் போனேன். "சரக்கு நல்ல நிலையில் பெறப்பட்டது" என்று அச்சடித்த வரியையும் அதன் கீழே என் கையெழுத்தையும் எடுத்துக் காட்டினார்கள். அதற்கு மேல் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. செலவு முழுவதும் என் தலையில் விழுந்தது.

அதற்கப்புறம் எனக்கு இரண்டு மெஷின் வந்தது, தெரிந்த பட்டறைகளுக்கு வந்த சிலவற்றை இறக்கவும் கூடப் போயிருக்கிறேன். உடைந்தால் செலவு யார் தலையில் விழும் என்பதில் பாதிக்கு மேல் அந்தக் கையெழுத்துக்கு முந்தைய அரை மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது என்பது என் அனுபவம். மீதியில் கொஞ்சம், ஆர்டர் போடும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆர்டர் போடும் நாளில்

கொட்டேஷனில் விலையைப் பார்த்ததும் அடுத்து பார்க்க வேண்டியது 'எக்ஸ் ஒர்க்ஸ்' என்று இருக்கிறதா, 'எஃப்.ஓ.ஆர். டெஸ்டினேஷன்' என்று இருக்கிறதா என்பது. எக்ஸ் ஒர்க்ஸ் என்றால் அவர்கள் தொழிற்சாலை வாசலைத் தாண்டியதும் மெஷின் உங்கள் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, லாரிக்காரரிடம் ஒப்படைத்தாலே வாங்குபவரிடம் ஒப்படைத்த மாதிரி என்றுதான் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் எடுத்துக்கொள்கிறது. எஃப்.ஓ.ஆர். டெஸ்டினேஷன் என்றால் உங்கள் ஊர் வந்து சேரும்வரை விற்றவர் பொறுப்பு. விலை சில ஆயிரம் கூடினாலும் நான் இரண்டாவதைத்தான் கேட்பேன். கூடவே "வழியில் சேதமானால் பாகத்தை இலவசமாக அனுப்புவோம்" என்று ஒரு வரி இமெயிலில் வாங்கிவிடுவேன். போனில் சொன்னால் போதாது.

அடுத்து இன்சூரன்ஸ். "டிரான்ஸிட் இன்சூரன்ஸ் இருக்கு சார்" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். உள்நாட்டுப் போக்குவரத்து பாலிசியில் ஏ, பி, சி என்று வகை உண்டு. பி வகை லாரி மோதுவது, கவிழ்வது, தீப்பிடிப்பது போன்று பெயர் சொல்லி எழுதிய ஆபத்துகளுக்கு மட்டும். மெஷின்கள் பெரும்பாலும் அப்படி உடைவதில்லை. குடோனில் ஒரு லாரியிலிருந்து இன்னொரு லாரிக்கு மாற்றும்போது கீழே போடுவதில்தான் உடைகின்றன. அதற்கு ஏ வகை வேண்டும். பாலிசி நகலை மெஷின் கிளம்பும் முன்பே வாங்கி, எந்த வகை என்று பாருங்கள்.

இன்சூரன்ஸ் இல்லாமல் லாரிக்காரரை மட்டும் நம்பினால் என்ன கிடைக்கும்? சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007-இன் கீழ் 2011-இல் வந்த விதிகளின்படி, புக் செய்யும்போது கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாவிட்டால் லாரி நிறுவனத்தின் பொறுப்பு வாடகையைப் போல் 10 மடங்கோடு நின்றுவிடும். வாடகை 8,000 ரூபாய் என்றால் அதிகபட்சம் 80,000. மெஷின் விலை 2,40,000 என்றால் மீதிக்கு நீங்கள்தான் பொறுப்பு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் இன்சூரன்ஸ் பிரீமியத்தைப் பார்த்துத் தயங்க மாட்டார்கள்.

கட்டணத்தில் ஒரு பகுதியை, 10 சதவீதமாவது, மெஷின் ஓடிப் பார்த்த பிறகு தருகிறேன் என்று பேசிப் பாருங்கள். பலர் ஒத்துக்கொள்வதில்லை. ஒத்துக்கொண்டால் பின்னால் உங்கள் போனை எடுப்பார்கள்.

லாரி வந்து நின்றதும்

முதலில் போன் கேமராவை எடுங்கள். மெஷின் லாரியின் மேலே இருக்கும்போதே படம் எடுக்க வேண்டும். காரணம் எளிது: இறக்குவது உங்கள் ஆட்கள் என்றால், இறக்கிய பிறகு தெரியும் சேதத்துக்கு "உங்க லோடுமேன் போட்டது" என்று சொல்லிவிடலாம். லாரி எண் தெரிகிற மாதிரி ஒரு படம், லாரிக்குள் பெட்டி எப்படி நிற்கிறது என்று ஒரு படம், பெட்டியின் நான்கு பக்கமும், மேல்பக்கமும். முடிந்தால் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள், அதில் எல்.ஆர். எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

தச்சன் கண்ணுக்குப் பெட்டி நிறையச் சொல்லும். பழுத்த பலகைகளுக்கு நடுவே வெளிறிய புதுப் பலகை, மற்ற ஆணியெல்லாம் துருவேறி இருக்க ஒன்று மட்டும் மினுங்குவது, அடிச்சட்டத்தில் ஃபோர்க்லிஃப்ட் நாக்கு குத்திய தடம், ஒரு பக்கமாகச் சாய்ந்த பெட்டி, கீழே எண்ணெய்க் கறை, மழைநீர் இறங்கிய கோடு. எனக்கு அன்று அந்தப் புதுப் பலகை கண்ணில் பட்டும் புத்தியில் படவில்லை.

எத்தனை லாரி மாறி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளலாம். வழியில் வண்டி மாற்றும்போது சரக்கோடு வரும் ஜி.எஸ்.டி. போக்குவரத்துச் சீட்டான இ-வே பில்லின் பி பகுதியில் புது வண்டி எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். அந்த வரிசையை ஒரு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வண்டி எண் இருந்தால், இரண்டு முறை தூக்கி மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பிற்பாடு பேசும்போது பயன்படும்.

எல்.ஆரில் என்ன எழுதுவது

வெளியே சேதம் தெரிந்தால் ஓப்பன் டெலிவரி கேளுங்கள். லாரி நிறுவனத்தின் ஆள் முன்னிலையில் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பார்த்து எழுதி, இரு பக்கமும் கையெழுத்திடுவதுதான் அது. டிரைவர் தனக்கு அதிகாரம் இல்லை என்பார், அது உண்மையும்கூட. லாரி ஆபீஸுக்குப் போன் போட்டு ஆள் அனுப்பச் சொல்லுங்கள். ஊர் குடோனில் போய் எடுக்கிற சரக்கென்றால் இது இன்னும் சுலபம். அங்கேயே திறந்து பாருங்கள்.

ஆள் வரவில்லை, டிரைவர் நிற்க மாட்டேன் என்கிறார். அப்போது எல்.ஆர். காப்பியில் கையெழுத்துக்கு மேலே எழுத வேண்டும். "சரிபார்ப்புக்கு உட்பட்டது" என்று மட்டும் எழுதுவது வழக்கம். எல்லோரும் எல்லா எல்.ஆரிலும் எழுதுவதால் அதை யாரும் மதிப்பதில்லை. கண்ணால் கண்டதை எழுதுங்கள். இப்படி:

"பெட்டியின் இடது கீழ் மூலை உடைந்துள்ளது. ஒரு பலகை மாற்றி அடிக்கப்பட்டுள்ளது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்துள்ளது. சிறு கைச்சக்கரம் உடைந்து வெளியே தெரிகிறது. உள்சேதம் பெட்டி திறந்த பின்பே தெரியும். லாரியில் இருக்கும்போதே படம் எடுக்கப்பட்டது."

கீழே தேதி, நேரம், வண்டி எண், உங்கள் கையெழுத்து, டிரைவரின் கையெழுத்து. "நல்ல நிலையில்" என்ற அச்சு வரியை அடித்துவிடுங்கள். டிரைவர் வெளிமாநிலத்தவர் என்றால் இதையே ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது, இன்சூரன்ஸ்காரரும் அதைத்தான் படிக்கப்போகிறார். டிரைவர் கையெழுத்துப் போட மறுத்தால் "டிரைவர் மறுத்தார்" என்று அதையும் எழுதுங்கள். எழுதி முடித்த தாளைப் படம் எடுக்காமல் கையை விட்டு விடாதீர்கள். அவர் கொண்டுபோகும் காப்பியில்தான் உங்கள் குறிப்பு இருக்கிறது.

மொத்தமாக வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பலாமா? பெட்டி நொறுங்கி, வார்ப்பு இரண்டாகப் பிளந்து கிடந்தால் அனுப்பலாம். அதற்கு முன் விற்றவரிடம் பேசி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். மற்றபடி நான் திருப்பி அனுப்ப மாட்டேன். முழுத்தொகையும் கட்டிவிட்ட மெஷின், யார் பார்வையிலும் இல்லாமல் இன்னொரு 3,000 கிலோமீட்டர் போய் எந்த நிலையில் நிற்கும் என்று சொல்ல முடியாது. குறிப்பெழுதி வாங்கி, நம் கூரைக்குக் கீழே வைத்துக்கொண்டு சண்டை போடுவது மேல்.

இறக்குவது

சுருக்கமாகச் சொல்கிறேன். ஹைட்ரா கிரேனும் துணி பெல்ட்டும் போதும். பெல்ட் மெஷினின் உடம்பைச் சுற்றி வர வேண்டும். டேபிளைப் பிடித்தோ, கத்திகள் பொருத்திய உருளையான கட்டர் பிளாக்கைச் சுற்றியோ தூக்கக் கூடாது. இழைப்பு மெஷினின் இரண்டு டேபிளையும் பிடித்துத் தூக்கினால், அவை வழுக்கி ஏறி இறங்கும் சாய்வுத் தடம் விட்டுப்போகும், அப்புறம் ஜென்மத்துக்கும் நேராக இழைக்காது. ஜே.சி.பி. வாளியில் வைத்து இறக்கியதையும் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

பெட்டிப் பலகையை அன்றே எடுத்து ஷெல்ஃப் அடித்துவிடுவது நம் தொழிலின் நோய். இன்சூரன்ஸுக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து போகும்வரை ஒரு சில்லைக்கூடத் தொடாதீர்கள்.

பெட்டி பிரித்த பிறகு

முதல் விதி, மின்சாரம் கொடுக்காதீர்கள். ஓட்டிப் பார்த்துவிட்டால் "ஓட்டும்போது உடைத்துவிட்டீர்கள்" என்ற பேச்சு வரும். அதைவிட, விரிசல் விட்ட பாகம் சுற்றத் தொடங்கினால் ஆளுக்கே ஆபத்து.

மெஷினின் உடம்பு, டேபிள், சக்கரம் எல்லாம் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அடிபட்டால் தகடு நெளியும். வார்ப்பிரும்புக்கு நெளியத் தெரியாது, விரிசல் விடும். அந்த விரிசல் தலைமுடி அளவில் கிரீஸுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதனால் மண்ணெண்ணெய் தொட்டு கிரீஸை எல்லாம் துடைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். சந்தையில் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதேபோல் சின்னச் சுத்தியலால் டேபிளை அங்கங்கே மெல்லத் தட்டுங்கள். கணீரென்று வந்துகொண்டிருக்கும் ஒலி ஓரிடத்தில் பொத்தென்று அடங்கினால் அங்கே சந்தேகப்படுங்கள். பிறகு அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, கொஞ்சம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடு விழும். இதையே சிவப்புச் சாயமும் வெள்ளை ஸ்பிரேயும் கொண்டு செய்கிற டை பெனட்ரன்ட் கிட் கடையில் கிடைக்கிறது. சாக்பீஸ் முறையில் தெளிவாகத் தெரியாவிட்டால் அதை வாங்குங்கள்.

விரிசல் கிடைத்துவிட்டால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிளவின் உட்பக்கம் என்ன நிறம்? புதிதாக உடைந்த வார்ப்பிரும்பு சாம்பல் நிறத்தில், மணல்மணலாக மினுங்கும். உள்ளே பெயின்டோ பட்டியோ பழைய துருவோ இருந்தால், அது லாரியில் உடைந்ததல்ல. வார்ப்பிலேயே இருந்த குறையைப் பட்டி பூசி மறைத்து அனுப்பியிருக்கிறார்கள். அப்போது லாரி ஆபீஸோடு சண்டை வீண். விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். கிட்டத்தில் வைத்து, வெளிச்சம் அடித்து, தெளிவான படம் எடுங்கள்.

விரிசல் இல்லை என்றால் நேர்மட்டம் பாருங்கள். ஆனால் அதற்கு முன்பு மெஷினை அடிச்சட்டத்திலிருந்து போல்ட் கழற்றி, ரசமட்டம் வைத்து, காலுக்கடியில் தகடு கொடுத்துச் சமமாக நிறுத்த வேண்டும். கோணலான தரையில் நிற்கும் மெஷின் தானே முறுக்கிக்கொண்டு நிற்கும். அதை அளந்துவிட்டு சேதம் என்று எழுதினால் அவமானம் நமக்கு. நிறுத்திய பிறகு ஸ்ட்ரெயிட் எட்ஜை (நேர் விளிம்புள்ள இரும்புச் சட்டம்) நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டத்திலும் வைத்து, இடுக்கில் ஃபீலர் கேஜ் (அளவு குறித்த மெல்லிய தகடுகள்) விட்டு அளந்து எழுதுங்கள். ஒரு மூலைவிட்டத்தில் இடுக்கே இல்லாமல் இன்னொன்றில் நடுவே இடுக்கு இருந்தால் டேபிள் முறுக்கியிருக்கிறது. எவ்வளவு வரை அனுமதி என்பதை மெஷின் செய்தவரிடமே எழுத்தில் கேளுங்கள், அந்த எண்ணை வைத்துத்தான் வாதாட முடியும்.

மெஷினுக்கு மெஷின் அடிபடும் இடம் மாறும். இழைப்பு மெஷினில் மோட்டார் பிராக்கெட், டேபிளின் உதடு, மரத்தை அணைத்துத் தள்ளும் வேலியைத் தாங்கும் சட்டம். பேண்ட் சாவில் (பட்டை ரம்பம்) மேல் சக்கரத்தின் ஷாஃப்ட். சக்கரத்தைக் கையால் சுற்றி, விளிம்பில் டயல் கேஜ் வைத்தால் ஆட்டம் தெரிந்துவிடும். பேனல் சாவில் (பலகை அறுக்கும் மெஷின்) நகரும் டேபிளின் தண்டவாளம். கட்டர் பிளாக்கைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று வந்தால் பேரிங்கில் அடி பட்டிருக்கலாம். நின்ற இடத்திலேயே பலமாகக் குலுங்கி வந்தாலும் பேரிங்கில் குழி விழும்.

மழையில் நனைந்திருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மோட்டாருக்கு மெக்கர் டெஸ்ட் (இன்சுலேஷன் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் காயவைக்காமல் லைன் கொடுக்கக் கூடாது. அந்த ரீடிங்கையும் எழுதி வையுங்கள்.

யாருக்கு, எப்போது எழுதுவது

பிரித்த அன்றே, தள்ளிப்போனால் மறுநாள். மூன்று பேருக்கு: விற்றவர், லாரி நிறுவனம், இன்சூரன்ஸ் கம்பெனி. வாட்ஸ்அப்பில் படம் அனுப்புங்கள், ஆனால் அதோடு நிற்காமல் இமெயிலும் போடுங்கள். லாரி நிறுவனத்துக்கு மட்டும் கட்டாயம் கடிதமாகவும், ஸ்பீடு போஸ்டில். மெஷின் பெயர், சீரியல் எண், இன்வாய்ஸ் எண், எல்.ஆர். எண்ணும் தேதியும், வந்த நாள், என்னென்ன சேதம், உத்தேச இழப்பு எத்தனை ரூபாய். கோபத்தையெல்லாம் கடிதத்தில் கொட்ட வேண்டாம், ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை.

ஒரு கெடுவை நினைவில் வையுங்கள். 2007 சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி, லாரி நிறுவனத்தின்மேல் வழக்குப் போட வேண்டுமானால் அதற்கு முன்பு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும், அதுவும் 180 நாளுக்குள். அந்த 180 நாள் மெஷின் உங்களுக்கு வந்த நாளிலிருந்து அல்ல, சரக்கை புக் செய்த நாளிலிருந்து ஓடுகிறது. "பாக்கிறோம் சார், அடுத்த வாரம் சார்" என்று ஆறு மாதம் ஓட்டுவது சிரமமே இல்லை.

எல்.ஆரில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று முத்திரை குத்தியிருப்பதைக் காட்டி எங்களுக்குப் பொறுப்பில்லை என்பார்கள். அதைக் கேட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். அந்த முத்திரையால் லாரி நிறுவனம் தன் அஜாக்கிரதைக்கான பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2007 சட்டத்துக்கு முன்பிருந்த 1865 சட்டத்தின் காலத்திலேயே, 2000-இல் சொல்லிவிட்டது.

சர்வேயர் வரும் நாள்

இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் மூன்று விஷயங்களைத்தான் தேடுவார்: சேதம் வழியில் நடந்ததா, பேக்கிங் போதுமானதாக இருந்ததா, எவ்வளவு இழப்பு. பேக்கிங் போதாது என்பது பணம் மறுக்க அவர்களுக்குள்ள நல்ல காரணம். அதனால்தான் பெட்டியை வைத்திருக்கச் சொன்னேன். லாரி ஆபீஸிலிருந்து டேமேஜ் சர்டிபிகேட் கேட்பார். எளிதில் தர மாட்டார்கள். கேட்டு எழுதிய கடிதத்தின் நகலும் போஸ்டல் ரசீதும் இருந்தால் அதையாவது காட்டலாம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், எல்.ஆர்., இ-வே பில், படங்கள், பாகங்களின் விலைக்கு விற்றவர் தந்த கொட்டேஷன், எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். சர்வேயர் பார்ப்பதற்கு முன் எதையும் பழுது பார்க்காதீர்கள்.

இன்னொன்று: லாரி நம் ஊர் வந்து சேர்ந்து 7 நாள் ஆனால் அந்தப் பாலிசியின் பாதுகாப்பு முடிந்துவிடும். இடம் தயாராகவில்லை என்று மெஷினை லாரி குடோனிலேயே பத்து நாள் போட்டு வைப்பவர்கள் கவனிக்க.

பாகமா, புது மெஷினா

கைச்சக்கரம், பெல்ட் கார்டு, மோட்டார் ஃபேன் கவர், ஸ்டார்ட்டர் பெட்டி, நெளிந்த தகடு போன்றவற்றுக்கு முழு மெஷினை மாற்றக் கேட்டு மாதக்கணக்கில் வேலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பாகமும், மாட்டும் கூலியும், சிரமத்துக்கு ஒரு தள்ளுபடியும் கேளுங்கள். தள்ளுபடிக்குக் கிரெடிட் நோட் வாங்கினால் ஜி.எஸ்.டி. கணக்கும் சரியாக இருக்கும்.

டேபிளில் விரிசல், உடம்பு வார்ப்பில் விரிசல், சாய்வுத் தடம் உடைந்தது, பேண்ட் சா சக்கரத்தில் கீறல் இவற்றுக்கு சமரசமே கூடாது. "அங்கேயே நல்ல வெல்டரை வெச்சு ஒட்டிக்குங்க, காசு தர்றோம்" என்பார்கள். வார்ப்பிரும்பைச் சூடாக்கி நிக்கல் ராடு கொண்டு ஒட்ட முடியும்தான். பிராக்கெட்டுக்கு நானும் செய்திருக்கிறேன். ஆனால் டேபிளை ஒட்டினால் சூட்டில் அது வளையும், பிறகு மெஷின் ஷாப்பில் கொடுத்து மேற்பரப்பு முழுவதையும் கிரைண்டிங் செய்ய வேண்டும். சுற்றுகிற சக்கரத்தை ஒட்டவே கூடாது. கீழே விழுந்து அடிபட்ட கட்டர் பிளாக்கையும் நம்பாதீர்கள். நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் ஓடுகிற சாமான் அது.

பேச்சு நின்றுபோனால்

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காசு செலவில்லை, சில நிறுவனங்கள் இதற்கே இறங்கி வந்துவிடும். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். "பட்டறைக்கு வாங்கியது வியாபாரத்துக்கு, நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. தானே மெஷினில் நின்று வேலை பார்க்கும் தச்சருக்கு இது பொருந்தும். நாற்பது பேர் வேலை பார்க்கும் ஃபேக்டரிக்குப் பொருந்தாது, அவர்கள் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், விற்றவர் பஞ்சாபில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கெடு 2 வருடம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

பெரும்பாலும் அதுவரை போகாது. ஒரு நாள் பாகம் வரும், அல்லது பணம் தருகிறோம் என்பார்கள், கூடவே "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்திட ஒரு தாளும் வரும். வந்த பாகத்தை மாட்டி, லைன் கொடுத்து, ஒரு வாரம் தேக்கு வேங்கை எல்லாம் இழைத்துப் பார்த்துவிட்டு அந்தத் தாளைக் கையில் எடுங்கள்.